மூச்சுக்காற்றில் ஓர் அமிலம்

செண்பகவல்லி பதினெட்டு வருடமாகக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். கல்லூரியை மதிப்பிட ஆய்வுக்குழு வந்த அன்று, செய்துகாட்ட வேண்டிய சோதனைக்கான கரியமில வாயு சிலிண்டர் காலி. துறைத்தலைவர் அரங்கநாயகம் குழுவினர், மாணவிகள் எல்லார் முன்னாலும் அவள் மேல் பாய்ந்தார்.

"ஈதர்ல செஞ்ச கிரிக்னார்டு கரைசல் தயாரா இருக்கு. கரியமில வாயு சேர்ந்தாத்தான் பென்சாயிக் அமிலம் வரும். உன் மூச்சுலதான் அந்த வாயு இருக்கே, ஊது! அமிலம் வரலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"ஊதறேன் சார். முதல்ல நீங்க உங்க மூக்குக்கண்ணாடியில ஒரு தரம் ஊதிப் பாருங்க."

அவர் ஊதினார். கண்ணாடி மங்கிப்போனது.

"இந்த ஈரம் பட்டாலே கரைசல் கெட்டுப்போயிடும் சார். அப்புறம் அமிலம் ஏது?"

குழுத்தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேற வழி இருக்காம்மா?"

செண்பகவல்லி கல்லூரிக்கு எதிரிலிருந்த ஐஸ்கிரீம் கிடங்குக்கு ஓடி, உலர்பனிக்கட்டி வாங்கி வந்தாள். அது உறைந்த கரியமில வாயு; ஈரமில்லாதது. அதை நொறுக்கி, மேலே கரைசலை ஊற்றினாள். வெண்புகை பொங்கியது. பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, அமிலம் கரைந்து மேலே மிதந்த ஈதரைப் பிரித்து ஆவியாக்கினாள். வெள்ளை வெளேரென்று பென்சாயிக் அமிலம் படிந்தது.

குழுத்தலைவி பேனாவை எடுத்தார். "செய்து காட்டினது யாருன்னு எழுத?"

அரங்கநாயகம் தொண்டையைச் செருமுவதற்குள் மாணவிகள் கத்தினார்கள்: "செண்பகம் அக்கா!"