ஈரத்தில் வெட்டின சுருட்டை முடி

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. கையில கத்தரிக்கோல் இருந்துச்சு, வெட்டத்தான் ஒரு தலை கிடைக்கல. அவ பேரு முப்பிடாதி. பியூட்டி பார்லர் வேலை படிச்சுக்கிட்டு இருந்தா. கேக்கியா?

ம்.

முதல்ல ஒரு பொம்மைத் தலை குடுத்தாங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு தண்ணி அடிச்சு, முடியை நாலு பாகமாப் பிரிச்சு, கிளிப்பு போட்டா. பிடரியில மெல்லிசா ஒரு வரிசை எடுத்து, ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு, சரக்! அந்த முதல் வரிசைக்குப் பேரு கைடு. அப்புறம் மேல இருந்து இறக்குற ஒவ்வொரு வரிசையையும் அந்த அளவுக்குத்தான் வெட்டணும். சரக், சரக். பொம்மை முடி வெட்டின இடத்துலயே நின்னுச்சு.

அப்புறம் கூடப் படிக்கிற எஸ்தர் தலை. கோரைப் புல்லு மாதிரி நேரான முடி. காதுகிட்ட இழுத்துப் பிடிச்சு வெட்டினா. கையை விட்டதும் அந்த இடம் மட்டும் மேல ஏறிக்கிட்டுது.

"ஏட்டி, எலி கடிச்ச மாதிரி இருக்கு!"ன்னு எஸ்தர் கத்தினா.

அப்போ டீச்சர் சொன்னாங்க, "காதுகிட்ட இழுக்காதே. சுருட்டை முடின்னா இன்னும் மோசம். ஈரத்துல நீளமாத் தெரியும், காஞ்சா சுருண்டு மேல போயிரும். நாலு விரல் கூட விட்டு வெட்டு."

முப்பிடாதி தலையாட்டினா.

மூணாவது, பரீட்சை. பாஸானா டவுன் பார்லர்ல வேலை. ஆனா வெட்டிக்கத் தலை குடுக்குற ஆளை அவங்கவங்களே கூட்டிட்டு வரணும். யாரு வருவா? கேட்டவங்க எல்லாம் தலையைப் பொத்திக்கிட்டு ஓடினாங்க. கடைசியில அண்ணன் பொண்டாட்டி ஜெயக்கொடி மதினியைப் பிடிச்சா. மதினிக்கு இடுப்பு வரைக்கும் சுருட்டை முடி.

"உங்க அம்மா என்னைக் கொன்னுபோடுவாங்கட்டி."

"தோளுக்குக் கீழ நிக்கும் மதினி. சவுரி வச்சுக் கொண்டை போட்டா யாருக்குத் தெரியும்?"

"கொண்டைக்கு வருமா?"

"சத்தியமா வரும்."

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

பரீட்சை அன்னைக்கு மதினி தலையை நனைச்சு உக்கார வச்சதும், பரீட்சை வைக்கிற அம்மா வந்து நின்னாங்க. "எல்லாருக்கும் ஒரே அளவு. தோளுக்குக் கீழ ரெண்டு விரல். ஈரத்துலயே பார்த்து மார்க் போட்டுருவேன்"ன்னாங்க.

முப்பிடாதி கை நின்னுபோச்சு. நாலு விரல் கூட விட்டா மதினிக்குக் கொண்டை நிக்கும், மார்க் போயிரும்.

"வெட்டுதியா இல்லையா? கழுத்து வலிக்கு"ன்னா மதினி.

முப்பிடாதி முடியை விறைப்பா இழுத்துப் பிடிச்சா. சரக்! கைடு விழுந்துருச்சு. அப்புறம் என்ன, மத்த முடியெல்லாம் அது பின்னாடி போக வேண்டியதுதான். சரக், சரக், சரக்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கே!"ன்னு அந்தம்மா முழு மார்க் போட்டுட்டு அடுத்த தலைக்குப் போயிட்டாங்க.

அப்புறம் டிரையர். உர்ர்ர்ர்ர். காயக் காய முடி சுருண்டு சுருண்டு, தோளுக்கு மேல, கழுத்துக்கு மேல, காதுகிட்ட வந்து நின்னுச்சு. மதினி கண்ணாடியைப் பார்த்தா. சேலைத் தலைப்பை எடுத்து முக்காடு போட்டுக்கிட்டா.

வீட்டு வாசல்ல முப்பிடாதியோட அம்மா அந்த முக்காட்டைப் பிடிச்சு இழுத்தா.

"இது என்ன கோலம்? யாரு வெட்டுனா?"

மதினி முப்பிடாதியைப் பார்த்தா. முப்பிடாதி செருப்பு வாரைக் கழட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டா.

"நானேதான் போய் வெட்டிக்கிட்டேன் அத்தை"ன்னா மதினி.

"குடும்பத்துல இருக்கிற பொம்பளையா நீ? உனக்குத் திமிரு!"ன்னு அம்மா கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

அப்போ முப்பிடாதி அடுப்படிக்கு வந்து, "ஏன் மதினி என்னைச் சொல்லல?"ன்னு கேட்டா.

"நீயாச் சொல்லுவியான்னு பார்த்தேன்"ன்னா மதினி. குழம்புச் சட்டியை இறக்கி வச்சுட்டு வெளிய போயிட்டா.

அப்புறம் முப்பிடாதி சொன்னாளா?

இல்ல தங்கம். சொல்லவே இல்ல. மக பாஸாயிட்டான்னு அம்மா தெருவுக்கே மிட்டாய் வாங்கினா. முக்காடு போட்டுக்கிட்டு, தட்டை ஏந்திக்கிட்டு, மதினிதான் வீடு வீடாப் போய்க் குடுத்துட்டு வந்தா.

கதை அதோட நின்னுபோச்சு. நீ கண்ணை மூடு.