கோதண்டர் துடைத்த சுவர்

மலை வாய் திறந்த நாளிலிருந்து அந்தத் தீவில் காக்கைகள் அவித்த முட்டைதான் இட்டன என்பார்கள். அதை நம்பாதவர்கள்கூட இதை நம்பலாம்: மலையிலிருந்து இறங்கிய தீக்குழம்பு, பசித்த பன்றி மாதிரி வழியெல்லாம் மேய்ந்துகொண்டு, கடலோரத்து மீனவர் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எதுவரை வந்தது என்று பார்த்துச் சொல்லும் வேலை ஆசிரமத்துக் கோதண்டருக்கு. துறவுக்கு முன் நிலம் அளந்தவர். தன் குரு பூரணியைவிட வயதில் மூத்தவர். விடிந்ததும் மேலே போய், குழம்பின் முகப்பில் மூங்கில் நடுவார். திரும்பி வந்து, மலையும் ஊரும் வரைந்திருந்த ஆசிரமச் சுவரில் கரிக்கோடு போடுவார். அதற்குமுன் நேற்றைய கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுவார். சுவர் பளிச்சென்று இருக்கவேண்டும் அவருக்கு.

வெளித்தீவுக்குப் போயிருந்த பூரணி அன்று காலைதான் திரும்பியிருந்தார். சுவர் முன்னால் மீனவன் வேலாண்டி நின்றிருந்தான்.

"கோடு மேலேதானே சாமி இருக்கு. கருவாடு காயப் போட்டிருக்கேன். நாளைக்கு வந்து பாக்குறேன்."

அவன் போனதும் கோதண்டர் கேட்டார். "தாயே, நான் ஒருநாளும் பொய்க்கோடு போட்டதில்லை. பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருவரும் மூட்டை கட்டவில்லை. ஏன்?"

பூரணி சுவரை உற்றுப் பார்த்தார். "நல்ல வேலி. யார் போட்டது?"

"வேலி இல்லை, தாயே. தீ நிற்கும் இடம்."

"நிற்கிறதா?"

கோதண்டர் கோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நேற்று எங்கே நின்றது?"

"துடைத்துவிட்டேன்."

"மனசிலுமா?"

இல்லை. நட்ட மூங்கில் ஒவ்வொன்றும் நினைவில் இருந்தது. பூரணி கரியை நீட்டினார்.

முதல் கோடு மலையின் தோளில். அடுத்தது ஒரு விரல் தள்ளி. அதற்கடுத்தது உள்ளங்கை அகலம். போடப்போடக் கோதண்டரின் கோடுகள் விலகிக்கொண்டே போயின. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே அவருடைய முழுச்சாண் அடங்கியது.

"நாளைக்கு?" என்றார் பூரணி.

கை தானாக இறங்கியது. இந்த ஆசிரமம். தென்னந்தோப்பு. வேலாண்டி வீடு. வலை காயும் மணல். சுவர் முடிந்துவிட்டது; கரி அந்தரத்தில் நின்றது.

கோதண்டர் ஊரைக் கூட்ட ஓடினார். சங்கை எடுத்தார். ஊத மூச்சு வரவில்லை. பூரணிதான் வாங்கி ஊதினார்.

ஊர் திரண்டு வந்தது.

"என்ன சாமி, சுவத்துல புலித்தோலைக் காயப் போட்டிருக்கீங்க?" என்றான் வேலாண்டி.

யாரும் சிரிக்கவில்லை. அவன் கண் கோட்டுக்குக் கோடு தாவி இறங்கித் தன் வீட்டில் வந்து நின்றது. கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு, மாமியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினான். அந்த அம்மாளோடு கல்யாணத்தன்றே பேச்சை நிறுத்தியவன் அவன்.

வெயில் சாய்வதற்குள் மணல் காலியானது. பூரணிக்காகவும் கோதண்டருக்காகவும் கடைசிப் படகு காத்திருந்தது. ஆசிரமத்துக்கு மேலே இருந்த தோப்பில் தென்னைகள் தீப்பிடித்து வெடிக்கும் சத்தம் கேட்டது.

கோதண்டர் இன்னும் சுவரருகிலேயே மரம் மாதிரி நின்றிருந்தார். கையில் ஈரத்துணி.

"சுவர் இப்படி அலங்கோலமாகக் கிடக்கிறதே, தாயே."

பூரணி துணியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"விடும். துடைக்க ஆள் வந்துகொண்டிருக்கிறது."