வாசல்லயே நின்ன பிளாட்டர்

"போச்சு! மெஷின் செத்துப்போச்சு!" எங்க ஸ்டிக்கர் கடை ஓனர் சுடலைமுத்து அண்ணாச்சி போட்ட சத்தத்துல தெருவே திரும்பிப் பாத்துச்சு. ஸ்டிக்கர் வெட்டுற பிளாட்டருக்குப் பழைய விண்டோஸ்தான் ஒத்துவரும். அதனால புது கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் போட்டு, அதுல பழைய விண்டோஸ ஓட்டுறோம். யூஎஸ்பி கேபிள் சொருகியாச்சு, ஆனா உள்ள பிளாட்டரே தெரியல. வெளிய மாலை போட்ட புது ஆட்டோ, பேரு ஒட்டக் காத்துக்கிட்டு நிக்குது.

கையில இருந்த டீய மேசையில வச்சுட்டு, புதுசா சேந்த நிலோஃபர் மேல பாஞ்சாரு. "நீதான இதப் போட்ட? கேபிளத் தொடாம, மெஷினத் தொடாம, இந்த டீ ஆறுறதுக்குள்ள ஓட வை. இல்லன்னா வீட்டுக்குக் கெளம்பு!"

அவ அசரல. "அண்ணாச்சி, விருந்தாளி வாசல்ல நின்னா யாரு உள்ள கூப்புடணும்?"

"வீட்டுக்காரன்தான். அதுக்கென்ன இப்போ?"

"பிளாட்டர் வெளிய, புது கம்ப்யூட்டரோட விண்டோஸ்லயே நிக்குது. விர்ச்சுவல் மெஷின் ஓடுற விண்டோவுக்கு மேல டிவைஸஸ்னு ஒரு மெனு இருக்குல்ல, அதுல யூஎஸ்பி. பிளாட்டர் பேருக்கு ஒரு டிக் போட்டு உள்ள கூப்புடுங்க."

போட்டாரு. உள்ளருந்து 'டிங்'னு ஒரு சத்தம். கட் அழுத்துனதும் கர்ர்ருனு பிளேடு ஓட ஆரம்பிச்சிருச்சு!

"கேபிளத் தொடல, மெஷினத் தொடல, மவுஸக்கூட நீங்கதான் தொட்டீங்க. டீய மட்டும் நான் தொட்டுக்கிறேன் அண்ணாச்சி"னு எடுத்து ஒரு மடக்கு குடிச்சா. சூடு கொறையவே இல்ல. எங்க நிலோஃபர்னா சும்மாவா!

உங்க கடையிலயும் எதாவது இப்படி வாசல்லயே நின்னுருக்கா?