புதன்கிழமை நாற்காலி

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியவர்கள் மூன்றே பேர். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். பாதியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது என்று தலையாட்டுகிறவர்களுக்கு இது ஆகாது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

தமயந்தியும் கிருபாகரனும் சென்னையில் ஒரே கம்பெனியில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர்கள். வெயிலை ஜன்னல் கண்ணாடியில் பார்த்ததோடு சரி. ஒருநாள் இரண்டு பேரும் வேலையை உதறிவிட்டுக் கோவைக்கு வந்தார்கள். ஆனைகட்டி சாலையில் ஒரு மாடியைப் பிடித்து, மில்களுக்கு யோசனை சொல்லும் நிறுவனம் தொடங்கினார்கள். ஆட்களைப் பிழியாமல் வேலை வாங்குவது எப்படி என்பதுதான் யோசனை. தொழிலிலும் பெரிய ஆளாக வேண்டும், மலையும் காடும் கையை விட்டுப் போகக் கூடாது, இரண்டும் முடியும் என்று ஊருக்கே காட்டுகிறோம் என்றார்கள். நல்ல ஆசைதான். நான் ஒன்றும் குறை சொல்லவில்லை, இதுவரைக்கும்.

நிறுவனத்துக்கு ஒரு விதி எழுதினாள் தமயந்தி. "புதன்கிழமை இங்கே யாரும் வேலை செய்யக் கூடாது. செய்தவர் யாராக இருந்தாலும் வெளியேற வேண்டும்." அதைக் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார்கள். புதன் விடிந்தால் இருவரும் மலையேறப் போய்விடுவார்கள். அடிவாரத்து டீக்கடையில் அவர்களுக்கென்று ஓர் எவர்சில்வர் டப்பா இருந்தது. போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். மில் முதலாளிகள் இதை வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

தொடங்கிய வாரம், முதல் புதனுக்கு முந்தின நாள், மரகதம் வேலைக்குச் சேர்ந்தாள். கணவர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். அந்த வீடு இவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான் ஓட வேண்டும். அறிக்கைகளை டைப் செய்வது அவள் வேலை.

"புதன்கிழமையும் நீங்க வந்துருங்க மரகதம்," என்றாள் தமயந்தி. "யாராவது கூப்பிட்டா எடுத்து, நாளைக்குப் பேசுவாங்கன்னு சொன்னாப் போதும்."

"அன்னிக்கு லீவுன்னு எழுதியிருக்குதுங்களே மேடம்?"

"போன் எடுக்கறதெல்லாம் ஒரு வேலையா என்ன?"

தமயந்தி சிரித்தாள். மரகதமும் சிரித்துவைத்தாள். விதிக்குக் கீழே அவளிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆறு வருடம் போயிற்று. நடுவில் ஒரே ஒருமுறை மரகதம் கேட்டாள். "ஒரு புதன்கிழமை நானும் வரட்டுங்களா மேடம்? மேல இருந்து பார்த்தா ஊரே தெரியுமாமுங்க."

"அப்பறம் போன் யார் எடுக்கறது?" என்றாள் தமயந்தி. மரகதம் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

போன ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி. அவிநாசி மில் முதலாளி கூப்பிட்டார். அவர்களுக்கு இருப்பதிலேயே பெரிய வாடிக்கையாளர். "மூணு மணிக்கு எங்க மீட்டிங். அதுக்குள்ள ஷிப்ட் திட்டம் வரலைன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்." நாளைக்குப் பேசுவாங்க என்று மரகதம் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. நிறுவனமே கவிழ்ந்துவிடும் போலிருந்தது.

கிருபாகரனிடம் இன்னொரு போன் இருந்தது. டப்பாவில் போடாமல் சாக்ஸுக்குள் சொருகி வைத்திருப்பான். இரண்டு வருடப் பழக்கம். தமயந்திக்குத் தெரியாது. நம்பர் மரகதத்துக்கு மட்டும் தெரியும். ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டாள். அவன் ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிசுகிசுத்தான்: "என் மேஜையில பாதி எழுதி வெச்சிருக்கேன். மீதியை நீங்களே முடிச்சு அனுப்பிடுங்க. தமயந்திக்குத் தெரிய வேண்டாம்."

ஆறு வருடம் அவர்கள் எழுதியதையெல்லாம் டைப் செய்தவளுக்கு அது வராதா? சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்து முடித்தாள். இரண்டே முக்காலுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அவிநாசிக்காரர் கூப்பிட்டபோது எடுத்தது தமயந்தி. "பிரமாதமுங்க! புதன்கிழமைன்னுகூடப் பார்க்காம அனுப்பி வெச்சிட்டீங்களே!"

தமயந்தி இருவரையும் அந்த விதிக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினாள். "அனுப்பினது யாரு?"

மரகதம் கிருபாகரனைப் பார்த்தாள். அவன் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தானுங்க மேடம். சார்கிட்டக் கேட்டுட்டுத்தான்..."

"என் போன் டப்பாவுலதான் இருந்துச்சு," என்றான் கிருபாகரன். "தமயந்தியே பார்த்தாங்களே."

அடப்பாவி! மரகதத்தின் எதிரில் நின்றுகொண்டே சொன்னான்.

"விதின்னா விதிதான் மரகதம். கையெழுத்து போட்டிருக்கீங்க," என்றாள் தமயந்தி. அவன் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மரகதத்தின் வேலை போய்விட்டது. அவள் அனுப்பிய திட்டத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மில்லோடு புது ஒப்பந்தம் அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். தமயந்தி மலையில் இருந்தாள், போனைத் தொடவே இல்லை. கிருபாகரன் ஒளித்துவைத்த போனில் உத்தரவு போட்டான். மரகதம் உட்கார்ந்து வேலையைச் செய்து முடித்தாள். இந்த மூவரில் அந்த விதியை முதலில் மீறியது யார்?

கிருபாகரன் என்றுதானே சொல்ல வந்தீர்கள்? அவன் கோழை, பொய்யன், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் முதலில் மீறியது தமயந்தி. விதியை மாட்டிய வாரமே, முதல் புதன்கிழமையே, ஒருத்தியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் அவள் மலையேறினாள். போன் எடுப்பது வேலையே இல்லையென்றால், ஒரே ஒரு நாள் அதை விட்டுவிட்டு வர மரகதத்தை ஏன் விடவில்லை? அவள் போன பிறகு வந்த புதன்கிழமை இருவரும் மலைக்குப் போகவில்லை, போன் எடுக்க ஆள் இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள்: "அலுவலக உதவியாளர் தேவை. புதன்கிழமை கட்டாயம் வர வேண்டும்."