வெளிநாட்டுக் காற்றுக்குச் சுங்கம்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களும் இருந்து சைக்கிளும் வந்துவிட்ட காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் ராஜா செண்பக பூபதி. சண்டைக்குப் போக அக்கம்பக்கத்தில் எதிரி யாரும் இல்லை. அதனால் அவருக்கு ஆசைகள் அதிகம்.

ஒரு நாள் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார மாலுமி சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டார். அரண்மனைத் தச்சர் அதேபோல ஒன்று செய்து கொடுத்தார். மரச்சட்டம், மரச்சக்கரம், மர இருக்கை. ராஜா அதில் ஏறிக் கோட்டையை ஒரு சுற்று வந்தார். அன்று சபையில் நின்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். மறுநாளும் அப்படியே. ராஜா நின்றால் சபையே நிற்க வேண்டும். மந்திரிகளின் கால்கள் வீங்கின.

கடைசியில் ராஜாவே சொன்னார்.

"சீமையில் காற்றடைத்த சக்கரம் விற்கிறார்களாம். மெத்தை வைத்த தோல் இருக்கை, கைக்கு உறை எல்லாம் உண்டாம். வரவழையுங்கள். தேர்த்திருவிழா அன்று தேருக்கு முன்னால் நான் சைக்கிளில் போக வேண்டும்."

சபையில் எல்லோரும் கனகராயரைத் திரும்பிப் பார்த்தார்கள். துறைமுகச் சுங்கச்சாவடிக்குத் தலைவர் அவர். கடல் தாண்டி வரும் எந்தச் சரக்கும் சுங்கம் கட்டாமல் ஊருக்குள் நுழையக் கூடாது, ராஜாவின் சரக்கே ஆனாலும் சரி என்று முன்பொரு முறை பெருந்தன்மை பொங்கிய வேளையில் ராஜாவே பறையறைவித்திருந்தார். வசூலில் ஒரு பங்கு ராயருக்கு. அந்தச் சட்டத்தை அவர் தெய்வமாகக் கும்பிட்டதில் வியப்பில்லை.

ராயருக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். அதன் பெயர் இடும்பன். இடும்பன் அரண்மனை விகடகவி. வருடம் முழுக்க வசூலித்துக் கஜானாவில் கொட்டும் ராயருக்கு ராஜா ஒரு தலையாட்டல் தருவார். இடும்பன் ஒரு வார்த்தை சொன்னால் வயிறு குலுங்கச் சிரித்துச் சால்வை போர்த்துவார். ராயர் இப்போது எழுந்தார்.

"மகாராஜா, இந்தக் கொள்முதலை இடும்பனாரிடம் ஒப்படைக்க வேண்டும். புத்தியால் ஆகாதது எதுவும் இல்லை என்று தினமும் சொல்கிறவர் அவர். ஒரு பை பொற்காசு கொடுங்கள். விலை, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மேற்கொண்டு ஒரு காசு கேட்டாலோ, திருவிழாவுக்குள் சரக்கு வராவிட்டாலோ, இனி அவர் இந்தச் சபையில் வாய் திறக்கக் கூடாது."

ராஜாவுக்குப் பந்தயம் பிடித்துவிட்டது. "சம்மதமா, இடும்பா?"

"மறுத்தால் இன்றே வாயை மூட வேண்டும், மகாராஜா. சம்மதித்தால் திருவிழா வரையாவது பேசலாம். சம்மதம்."

சபை சிரித்தது. இடும்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு உழத் தெரியாது. கணக்குப் பார்க்கத் தெரியாது. வாளைத் தூக்கினால் தோள் வலிக்கும். அவன் குடும்பத்துக்குச் சோறு போடுவது அவன் வாய் ஒன்றுதான்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை கப்பல் வந்தது. இடும்பன் சாவடிக்குப் போனபோது ராயர் வெற்றிலையை மென்றபடி காத்திருந்தார். நடுவில் பெட்டி இருந்தது.

"வாப்பா இடும்பா. உள்ள என்ன?"

"சைக்கிள் சாமான் ராயரே. சக்கரம் ரெண்டு, சீட்டு ஒண்ணு, கையுறை ஒரு சோடி."

"வாயால சொன்னா ஆச்சா? திறந்து பார்க்கணும். திறக்கக் கட்டணம் உண்டு."

இடும்பன் கொடுத்தான். பெட்டி திறந்தது. சக்கரத்துக்குச் சுங்கம் கொடுத்தான். சீட்டுக்குக் கொடுத்தான். கையுறை இடது கைக்குத் தனி, வலது கைக்குத் தனி என்றார்கள். கொடுத்தான்.

"சரக்கு நசுங்காம இருக்க வைக்கோல் வச்சிருக்கான் பாரு. சீமை வைக்கோல். அதுக்கு வேற."

"அதை உங்க மாட்டுக்கே போட்டுடுங்க."

"மாடு தின்னாலும் சுங்கம் சுங்கம்தான்."

கொடுத்தான். எடை போட்டதற்கு, பெட்டியை மூடியதற்கு, இத்தனை கட்டணங்களையும் கூட்டிப் பார்த்ததற்கு என்று ஒவ்வொன்றுக்கும் கொடுத்தான். பை வற்றியது. கடைசிக் காசை வைத்துவிட்டுப் பையை உதறிக் காட்டினான்.

"முடிஞ்சுதா ராயரே?"

ராயர் பெட்டியை மறுபடி திறக்கச் சொன்னார். கட்டைவிரலால் டயரை அழுத்தினார். அது அழுந்திவிட்டு மீண்டும் எழும்பியது.

"உள்ள என்னமோ இருக்கே."

"காத்து."

"எந்த ஊர்க் காத்து?"

ராயர் சிரித்தார். சாவடிச் சேவகர்களும் சிரித்தார்கள்.

"சீமையிலேயே அடைச்சு அனுப்பியிருக்கான். கடல் தாண்டி வந்த சரக்கு. சுங்கம் கட்டு. கையில காசு இல்லையா? அப்ப சக்கரம் இங்கேயே கிடக்கட்டும். நாளைக்கு மகாராஜா நடந்தே போகட்டும். நீ வாயை மூடிக்கிட்டுப் பின்னால போ."

கோபப்பட்டால் காரியம் கெடும் என்று இடும்பனுக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்டான்.

"ஒரு பெட்டியில பத்துச் சரக்கு இருக்குன்னு வைங்க. ஒன்பதுக்குச் சுங்கம் கட்டியாச்சு, ஒண்ணுக்கு முடியலைன்னா என்ன வழக்கம்?"

"கட்டினதை எடுத்துட்டுப் போகலாம். கட்டாததைச் சாவடியில விட்டுட்டுப் போகணும். சரக்குக்காரன் பணத்தோட வந்தா, குறையில்லாம திருப்பித் தருவோம். அதுவரைக்கும் பாதுகாப்பு எங்க பொறுப்பு" என்றார் ராயர் பெருமையாக. பாதுகாப்புக்கும் கட்டணம் உண்டு என்று சேர்த்துக்கொண்டார்.

"நல்ல வழக்கம்" என்றான் இடும்பன். முதல் சக்கரத்தைத் தூக்கி ராயரின் மூக்குக்கு நேராகப் பிடித்தான். வால்வைத் திருகினான்.

"புஸ்ஸ்ஸ்" என்று ராயரின் மீசை பறந்தது.

"அடேய், என்ன பண்றே!"

"கட்டாத சரக்கை ஒப்படைக்கிறேன். பத்திரமா வாங்கி வச்சுக்குங்க." இரண்டாவது சக்கரத்தையும் அப்படியே ஒப்படைத்தான். "எல்லாரும் பார்த்துக்குங்கப்பா. சக்கரம் என்னோடது, காத்து சாவடியில இருக்கு."

ராயருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொய்ந்து தொங்கும் டயர்களோடு இவன் என்ன செய்துவிடப் போகிறான்? "கொண்டு போப்பா, கொண்டு போ" என்று வழிவிட்டார்.

இடும்பன் நேராகக் கொல்லன் பட்டறைக்குப் போனான். உலைக்குக் காற்றூதும் துருத்தியின் வாயை வால்வில் பொருத்தினார்கள். கொல்லனும் அவனும் மாறி மாறி மிதித்தார்கள். உள்ளூர்க் காற்றிலேயே டயர் கல்லாக இறுகியது.

மறுநாள் ராஜா தேருக்கு முன்னால் சைக்கிளில் போனார். கையுறை போட்ட கையால் கும்பிட முயன்று இரண்டு முறை விழப் பார்த்தார். மற்றபடி குறையில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் சபைக்கு வந்து, சிம்மாசனத்தில் நிம்மதியாக உட்கார்ந்தார். மந்திரிகளும் உட்கார்ந்தார்கள்.

கனகராயர் மட்டும் நின்றார்.

"மகாராஜா, தங்கள் சட்டம் மீறப்பட்டிருக்கிறது. சக்கரத்தில் வந்த சீமைக் காற்றுக்கு இடும்பனார் சுங்கம் கட்டவில்லை. ஆகவே பந்தயத்தில் தோற்றார்."

"காற்றுக்குமா சுங்கம்?"

"கடல் தாண்டி வரும் எந்தச் சரக்கும் என்பது தங்கள் வாக்கு. காற்றும் கடல் தாண்டித்தான் வந்தது."

ராஜாவின் முகம் வாடியது. "என் வாக்கு அப்படித்தான் இருக்கிறது. என்ன சொல்கிறாய், இடும்பா?"

இடும்பன் எழுந்து கும்பிட்டான். இது தவறினால் இந்தச் சபையில் இதுவே கடைசிப் பேச்சு.

"ராயர் சொல்வது முழுக்க உண்மை, மகாராஜா. அதனால்தான் அந்தக் காற்றை நான் ஊருக்குள் கொண்டுவரவில்லை. சாவடியில் ராயரிடமே ஒப்படைத்துவிட்டேன். பாதுகாப்பு அவர் பொறுப்பு என்றார். சேவகர்கள் சாட்சி. தாங்கள் விரும்பினால் சுங்கம் கட்டி மீட்டுக்கொள்ளலாம்."

"கட்டிவிடுகிறேன். கொண்டுவாரும், ராயரே."

ராயர் விழித்தார். "அது... இல்லை, மகாராஜா. போய்விட்டது."

"எங்கே போய்விட்டது?"

"காற்று எங்கே போகும்? ஊருக்குள்தான்."

"சுங்கம் கட்டாமலா?" என்றான் இடும்பன்.

இடும்பன் கைகட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தான்.

"இது சின்னக் கசிவு, மகாராஜா, மன்னித்துவிடலாம். என் கவலை வேறு. தினமும் மாலையில் கடற்காற்று வீசுகிறது. கடல் தாண்டித்தான் வருகிறது. சாவடி வாசல் வழியாகத்தான் நுழைகிறது. ராயர் பதவிக்கு வந்த நாள் முதலாக அதற்கு ஒரு காசு வசூலித்ததில்லை. வசூலிக்காதது மட்டுமா? வாசலில் நாற்காலி போட்டு, மேல்துண்டை எடுத்துவிட்டு, அந்தத் திருட்டுச் சரக்கை அவரே அனுபவிக்கிறார். ஊரே பார்த்திருக்கிறது."

ராஜாவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார்.

"ராயரே, நீரே சொல்லும். காற்று சரக்கா, இல்லையா? சரக்கு என்றால் இத்தனை வருடச் சுங்கத்தையும் நீர்தான் கட்ட வேண்டும்."

ராயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இடும்பனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"இல்லை, மகாராஜா."

"கேட்கவில்லை."

"காற்று சரக்கு இல்லை, மகாராஜா!"

ராஜா வெடித்துச் சிரித்தார். சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். திறக்கவும் மூடவும் கூட்டிப் பார்க்கவும் கட்டணம் வாங்கும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது என்று சிரிப்புக்கு நடுவே ஆணையிட்டார். இடும்பனுக்குக் கொடுக்க விரல் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். கையுறை விடவில்லை. கையுறையோடு சேர்த்து உருவிக் கொடுத்துவிட்டார்.

"பேசு, இடும்பா. வாய் வலிக்கும் வரை பேசு" என்றார்.

அன்று மாலையும் கடற்காற்று வந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கனகராயர், சேவகர்கள் பார்ப்பதைக் கவனித்து, எழுந்து ஓரமாக நின்று அதற்கு வழிவிட்டார்.