பூரணியின் குமிழிகள்

சிவசைலம் சார் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவர். சனிக்கிழமை தோறும் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்து ஜெபராணி மேடத்திடம் பாடம் கேட்பார். மேடம் அவரைவிடப் பத்து வயது இளையவர். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுப் பையன் மாதிரி உட்கார்ந்துவிடுவார். நல்ல மனுஷன்தான். சந்தேகம் மட்டும் கூடப் பிறந்தது. காய்க்காரம்மாவின் தராசுக்கு அடியில் குனிந்து பார்க்காமல் கத்தரிக்காய் வாங்க மாட்டார்.

அன்றைக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு பொண்ணு என்னை நல்லா ஏமாத்திட்டா."

"யாரு?"

"பூரணி. மாநிலக் கண்காட்சிக்கு ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும். அதுக்காக ஒளிச்சேர்க்கை வேகத்தை அளக்கச் சொன்னேன். பீக்கர்ல ஹைட்ரில்லாங்கிற தண்ணிச் செடி, மேல புனல், அதுக்கு மேல சோதனைக் குழாய். விளக்கைப் போட்டு நிமிஷத்துக்கு எத்தனை குமிழி வருதுன்னு எண்ணணும். எல்லாருக்கும் ஒரே தண்ணி. அதுல ஆப்பசோடாவும் நானே ஒரே அளவாப் போட்டுக் கொடுத்தேன்."

"சரி."

"மத்தவங்களுக்கு வந்ததைப் போல இவளுக்கு ரெண்டு மடங்கு வருது. சோடா கூடினா குமிழியும் கூடுமில்ல, அள்ளிப் போட்டிருக்கா மேடம். அவங்க அம்மா ஆப்பக்கடை வச்சிருக்காங்க. வீட்ல சோடாவுக்கா பஞ்சம்?"

"போட்டதைப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? மேஜையில வெள்ளையா என்னமோ சிந்திக் கிடந்துச்சு. நான் கிட்டப் போனதும் முகமே மாறிப்போச்சு. 'இன்னும் கொஞ்சம் சோடா போட்டா என்ன சார் ஆகும்'னு போன வாரமே கேட்டா. கள்ளி!"

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"அவ பேரை அடிச்சிடலாம்னு தலைமையாசிரியர்கிட்டச் சொல்லிட்டேன். எதுக்கும் காலேஜ் மேடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்னு காத்திருக்கார். சாயங்காலத்துக்குள்ள பேர் கொடுக்கணும்."

மேடம் எழுந்து உள்ளறைக்குப் போனார். ஒரு பீக்கரைக் கொண்டுவந்து வைத்தார். புனலும் குழாயும் இருந்தன. பீக்கரைச் சுற்றிப் பழைய காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் விளக்கைப் போட்டார்.

"வெளிச்சம் ஒரு பக்கமா விழுறதுக்காகத் தாள் சுத்தியிருக்கேன். கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க சார்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. சிவசைலம் சார் டீ குடித்து முடித்தார். அப்புறம் ஒரு குமிழி ஏறியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு வரிசையாக வர ஆரம்பித்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு எண்ணினார். எண்ணுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"நல்ல வேகம் மேடம். செடி ஜோரா வேலை செய்யுது."

மேடம் தாளைப் பிரித்தார். உள்ளே மீன் தொட்டியில் போடுகிற பிளாஸ்டிக் செடி நின்றுகொண்டிருந்தது.

சிவசைலம் சார் விரலை விட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஃபிரிட்ஜ் தண்ணி சார். விளக்குச் சூட்டுல, அதுல கரைஞ்சிருந்த காத்து வெளியே வருது. அதைத்தான் எண்ணினீங்க."

"அப்போ பூரணிக்கு வந்ததும் சூட்டுக் குமிழின்னு சொல்றீங்களா? எல்லாருக்கும் ஒரே தண்ணி, ஒரே விளக்கு மேடம். இவளுக்கு மட்டும் ஏன் கூட வரணும்?"

"அவ பீக்கர் எங்க இருந்துச்சு?"

"ஜன்னலோரம்."

"மத்ததெல்லாம்?"

"நடு மேஜையில."

"ஜன்னல்ல வெயில் விழுமா?"

அவர் மேஜையிலிருந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"விழும். பத்து மணி வெயில், நேரா விழும்."

"விளக்கு போதாதுன்னு வெயிலும் சேர்ந்திருக்கு; வெளிச்சமும் கூட, சூடும் கூட. அவளா போய் அங்க உக்காந்தா?"

"இல்ல." அவர் குரல் இறங்கியது. "நான்தான் உக்கார வச்சேன். சோடாவைப் பத்திக் கேட்டாளேன்னு எனக்கு முதல்லயே ஒரு இது. தனியா இருந்தா கண்ணு வச்சுக்கலாம்னு நினைச்சேன்."

மேடம் விளக்கை அணைத்தார். பூரணியின் முகம் மாறியதை எதற்கு அப்படி ரசித்துச் சொன்னோம் என்று சிவசைலம் சாருக்கே வெட்கமாக இருந்தது. வாத்தியார் சந்தேகத்தோடு பார்க்கிறார் என்று தெரிந்தால் யார் முகம்தான் மாறாது? மேஜையில் சிந்திக் கிடந்தது சாக்பீஸ் தூளாகக்கூட இருக்கலாம். தொட்டுப் பார்த்தாரா என்றால், இல்லை.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார்.

"சார், சிவசைலம் பேசறேன். பூரணி பேரை அடிக்க வேண்டாம். இல்ல சார், தப்பு என்னோடது. திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வெளிச்சத்துல உக்கார வச்சுத் திரும்ப எடுக்கறேன். பேர் கொடுக்க ரெண்டு நாள் கூடக் கேளுங்க சார், வேணும்னா நானும் வந்து கேக்கறேன். அந்தப் பொண்ணுகிட்டயும் நானே பேசிக்கறேன்."

போனை வைத்த பிறகும் அவருக்கு ஆறவில்லை. பிளாஸ்டிக் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் செடியைப் பற்றிப் பாடம் எடுத்த மனுஷனுக்கு இது பெரிய அடி.

"இருந்தாலும் மேடம், நீங்க இப்படி என்னை ஏமாத்தியிருக்கக் கூடாது."

"ஏமாத்தினேன் சார். உங்க கண்ணு முன்னாடிதான் செஞ்சேன். தாள் சுத்தி எடுத்துட்டு வர்றேன், உள்ள என்ன இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே?"

"உங்களைப் போய் நான் எப்படி மேடம் சந்தேகப்படுவேன்?"

"பட்டிருக்கணும் சார். ஏமாத்தினது நான் ஒருத்திதானே."