ஆதிமூலம் போட்ட கனெக்சன்

ஆதிமூலத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார், அவ்வளவுதான். அப்படிக் கூட்டி வைத்த உண்மைகள்தான் அன்றைக்கு அவரை மச்சினன் வீட்டு டிவி அலமாரிக்குப் பின்னால் குப்புறக் கிடக்க வைத்திருந்தன.

மச்சினன் குற்றாலலிங்கம் தென்காசியில் இருக்கிறவர். புதிதாக ஒரு ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தார். ரிசீவர் என்று ஒரு கறுப்புப் பெட்டி, சுவரோரமாக வைக்கக் குட்டிக் குட்டி ஸ்பீக்கர்கள், மூலையில் உட்கார ஒரு குண்டு ஸ்பீக்கர். எல்லாம் சம்பந்தி உலகநாதனுக்காக. மகள் கல்யாண ரிசப்ஷனில் சம்பந்தி மைக்கைப் பிடித்து ஒரு பாட்டுப் பாடியிருந்தார். கல்யாண வீடியோ பென் டிரைவில் வந்துவிட்டது. அதைப் பார்க்க, அதாவது தன் பாட்டைக் கேட்க, அவர் அன்று சாயங்காலம் அம்பாசமுத்திரத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறார். கனெக்சன் கொடுக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்ட கடைக்காரரிடம், அதற்கெல்லாம் எங்கள் அத்தான் இருக்கிறார் என்று குற்றாலலிங்கம் பெருமையாகச் சொல்லிவிட்டார். ஆதிமூலம் இத்தனை வருஷம் அளந்ததையெல்லாம் ஒரு சொல் விடாமல் நம்பிய ஒரே ஜீவன் அவர்.

விஷயம் தெரிந்ததும் ஆதிமூலம் பெட்டியை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் கனெக்சன் கொடுத்தது ஒரே ஒரு டேப்ரிக்கார்டருக்கு. அதுவும் பாடவில்லை. இன்றைக்குச் சம்பந்தி முன்னால் இந்தப் பெட்டி ஊமையாக நின்றால், பெண் எடுத்த வீட்டில் இவ்வளவு காலம் கட்டிக் காத்த பேர் போய்விடும். மச்சினன் தலைகுனிந்து நிற்பான். ஆனால் கைக்குத் தெரியாவிட்டால் வாய் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

கேட்பதற்கும் ஆள் இருந்தது. பக்கத்து வீட்டு மைதீன் பாய், வேடிக்கை பார்ப்பதற்காகவே வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம் ஆதிமூலத்தின் மனைவி செண்பகம் கீழே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். குற்றாலலிங்கத்தின் அக்கா. புருஷன் சொல்வதைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் கிள்ளி எறிவதுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வேலை.

"சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இது தெரியாமத்தான் ஊர்ல பாதிப் பேரு ஊமைப்படம் பாக்கான்" என்றார் ஆதிமூலம், வயரை எட்டிப் பிடித்தபடி. பெட்டிக்குப் பின்னால் ஓட்டைகளுக்கு நேராக நிறம் போட்டிருந்தது பெரிய புண்ணியம். அதைப் பார்த்துப் பார்த்துச் செருகிக்கொண்டே செங்கோட்டைக் கதையை ஆரம்பித்தார்.

செங்கோட்டையில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டுக்கு அவர் இப்படித்தான் ஒரு கனெக்சன் கொடுத்தாராம். முதல் நாள் போட்ட படத்தில் மழை பெய்கிற காட்சி. சத்தம் எப்படி வந்தது என்றால், எதிர் வீட்டுக்காரி மொட்டை மாடிக்கு ஓடி வடகத்தை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாளாம். செண்பகம் நாரைப் பல்லில் கடித்தபடி, அன்றைக்கு நிஜமாகவே மழைதான் என்றாள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆதிமூலம் இரண்டாம் நாளுக்குப் போனார். அன்றைய படத்தில் ரயில் வருகிறது. ஊர்க்கோடியில் இருந்த கேட் கீப்பர் சத்தம் கேட்டுக் கேட்டைப் போட்டுவிட்டார். பஸ், லாரி, வைக்கோல் வண்டி எல்லாம் வராத ரயிலுக்காக வரிசையாக நின்றன.

மைதீன் பாய் தாடியைத் தடவினார். "அண்ணாச்சி, ஸ்டேஷன்லயிருந்து போன் வராம அவரு எப்படிக் கேட்டைப் போடுவாரு?"

"போனும் வந்துச்சு வே. ஸ்டேஷன்காரருக்கும் கேட்டிருக்குல்லா."

பாய் தாடியை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குற்றாலலிங்கம் மட்டும், பின்னே, எங்கள் அத்தான் கைராசி லேசுப்பட்டதா என்று பூரித்துப்போய் உள்ளே போனார், பாயாசம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க.

கடைசி வயரும் உள்ளே போனது. ஆதிமூலம் எழுந்து இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து, சந்தனமும் குங்குமமும் கேட்டார். புதுப் பெட்டிக்குப் பொட்டு வைக்காமல் கரண்டு கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. முன்பக்கத்துக் கறுப்புக் கண்ணாடியில் எழுத்து ஒளிரும் இடம் மறைந்துவிடக் கூடாது என்று யோசித்து, வலது ஓரமாகச் சந்தனத்தைக் கட்டைவிரலால் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பெட்டி மங்களகரமாக இருந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாயும் மரியாதைக்கு எழுந்து நின்றார்.

சுவிட்சைப் போட்டார்கள். டிவியில் படம் வந்தது. கல்யாண மண்டபம், வாழைமரம், பன்னீர் தெளிக்கிற பெண்கள். சத்தம் மட்டும் இல்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கரை முதலிலேயே அமர்த்தியிருந்தார்கள், எல்லாச் சத்தமும் புதுப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும்.

பெட்டியின் முன்பக்கம் ஒரே ஒரு பொத்தான்தான். மற்ற எல்லாவற்றுக்கும் ரிமோட். டிவி என்று எழுதிய பொத்தானை ஓர் அழுத்து அழுத்தி, சத்தம் கூட்டும் பொத்தானை விடாமல் அழுத்தினார் ஆதிமூலம். ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டார். புதுப் பேட்டரி வந்தது. நின்று அழுத்தினார், குனிந்து அழுத்தினார். எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி செருகினார். நெற்றியில் வேர்வை வழிந்தது. மைதீன் பாய் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுதான் ஆதிமூலத்துக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

சம்பந்தி உலகநாதன் பட்டுச் சட்டையில் வந்து டிவிக்கு நேராக உட்கார்ந்தார். திரையில் அவரே மைக்கோடு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். குற்றாலலிங்கம் அத்தானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இன்னும் நம்பிக்கைதான் இருந்தது. ஆதிமூலத்துக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அழுவதற்குப் பதிலாக அவர் வாயைத் திறந்தார்.

"சத்தத்தை எடுத்ததும் திறந்து விட்டுறக் கூடாது சம்பந்தி. பெட்டி சூடாகணும். ஐந்தருவிப் பக்கம் ஒரு பங்களாவுல இப்படித்தான் அவசரப்பட்டு குண்டு ஸ்பீக்கரைத் திறந்துட்டேன். விழுந்துக்கிட்டு இருந்த அருவி அப்படியே அந்தரத்துல நின்னுட்டு."

சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நின்னுட்டா?"

நின்றது மட்டுமா? ஒரு துளி கூட்டினதும் தண்ணீர் மேலே ஏற ஆரம்பித்துவிட்டதாம். கீழே தலை நிறைய எண்ணெயோடு ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மலை உச்சியில் இருந்த குரங்கெல்லாம் நனைந்துபோய்க் கோபமாகக் கத்துகின்றன. இவர் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்க, ஏறின தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிற்று. அன்றைக்கு அருவியில் முடியைப் பறிகொடுத்த ஒருவர் இன்னமும் ஆதிமூலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

"நானும் ஒரு சீசன்ல தண்ணி குறைவா விழுந்ததைப் பாத்தேன். இதானா காரணம்" என்றார் சம்பந்தி. மைதீன் பாய் தன் வழுக்கையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சொல்கிறபோதே ஆதிமூலத்தின் கை முதுகுக்குப் பின்னால் ரிமோட்டை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. கதை முடிந்துவிட்டது. இனிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. நேராகத் திரும்பி, கடைசியாக ஒரு தரம் பெட்டியைப் பார்த்து ரிமோட்டை நீட்டினார்.

செண்பகமும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சூட்டில் சந்தனம் காய்ந்து பொரிந்து, தம்பி பெண்டாட்டி ஆசையாகப் போட்ட வெள்ளை விரிப்பில் உதிர்ந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை எச்சில் தொட்டு, பொட்டை ஒரே துடைப்பாகத் துடைத்தாள். துடைத்த இடத்தில், ரிமோட் பார்க்கிற குட்டிக் கண் பளிச்சென்று இருந்தது. ஆதிமூலம் டிவி பொத்தானை அழுத்திவிட்டுச் சத்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தார்.

பிறகு நடந்தது ஆதிமூலம் சொன்ன கதை இல்லை, நிஜமாகவே நடந்தது. சம்பந்தியின் குரல் அந்த வீட்டுக்குள் இடி மாதிரி இறங்கியது. ஷோகேஸில் இருந்த தலையாட்டிப் பொம்மை தானாகத் தலையாட்டியது. தெருக்கோடியில் ஐஸ் விற்கிறவர் வண்டியை நிறுத்திவிட்டார். மைதீன் பாய் வீட்டிலிருந்து அவர் மனைவி என்ன ஆச்சு என்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. உலகநாதன் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, பாட்டு முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். குற்றாலலிங்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மூன்றாவது தரமும் கேட்டுவிட்டு, அப்படி என்ன செய்தீர்கள், திடீரென்று வந்ததே என்று சம்பந்தி ஆதிமூலத்தின் கையைப் பிடித்துக் கேட்டார். ஆதிமூலம் வாயைத் திறந்தார். அருவியைவிடப் பெரிதாக ஒன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது செண்பகத்தின் முந்தானையில் இருந்த மஞ்சள் கறை கண்ணில் பட்டது. அவள் இல்லாவிட்டால் இந்நேரம் அவர் கதி என்ன? சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது.

"நான் ஒண்ணும் செய்யல சம்பந்தி. நான் வச்ச சந்தனப் பொட்டு ரிமோட்டு கண்ணை மறைச்சிட்டு. இவதான் துடைச்சா. சத்தம் வந்துட்டு."

சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அருவி ஏறுனதை நம்பிட்டேன். அதுக்காக, பொட்டு வச்சா பெட்டி ஊமையாகும்னா எப்படி? என்ன மைனி, நீங்களே சொல்லுங்க, உண்மைதானா?"

எல்லாரும் செண்பகத்தைப் பார்த்தார்கள். ஆதிமூலமும் பார்த்தார். அவள் முந்தானைக் கறையை உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பாயாச டம்ளரைச் சம்பந்தி பக்கம் நகர்த்தினாள்.

"அவிய என்னைக்கு உண்மை சொல்லியிருக்காவ, இன்னைக்குச் சொல்ல? ஆறிறப் போகுது, குடிங்க."